க்ராப் சென்சாரிலிருந்து ஃபுல் ஃப்ரேமுக்கு: லென்ஸ்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

சிறிய சென்சார் கொண்ட க்ராப் சென்சார் கேமராவை விட்டு, பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேமுக்குப் போக முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் எந்த பாடியை (லென்ஸ் நீங்கலான கேமராவை) வாங்குவது என்ற ஆராய்ச்சியிலேயே மாதக்கணக்கைச் செலவிடுகிறார்கள். லென்ஸ் பற்றிய யோசனை, கையில் மிஞ்சும் பணத்தைப் பொறுத்துக் கடைசியில்தான் வருகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் கருத்து. பாடி சில ஆண்டுகளில் மாறிவிடும், லென்ஸ் அதைவிட நெடுங்காலம் கூடவே இருக்கும். பையின் எடை, மொத்தச் செலவு, படத்தின் தன்மை ஆகிய மூன்றையும் பெருமளவு தீர்மானிப்பதும் அதுதான். எனவே தேவையான லென்ஸ்களை முதலில் எழுதிக்கொண்டு, அவற்றை ஏற்கும் பாடியைப் பிறகு தேடுவது நல்லது.

எது மாறுகிறது, எது மாறுவதில்லை என்பதில் தெளிவு வேண்டும். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அளவு 36 × 24 மி.மீ. நிக்கான், சோனி க்ராப் சென்சார்கள் ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ.; கேனானுடையது இன்னும் சற்றுச் சிறியது. இந்த வேறுபாட்டைத்தான் 1.5 மடங்கு என்றும், கேனானுக்கு 1.6 மடங்கு என்றும் சொல்கிறோம். 50 மி.மீ. லென்ஸை எந்தக் கேமராவில் மாட்டினாலும் அது 50 மி.மீ. லென்ஸ்தான், அது உள்ளே விழச்செய்யும் வட்டமான பிம்பத்திலிருந்து சென்சார் எவ்வளவு பெரிய பகுதியை எடுத்துக்கொள்கிறது என்பது மட்டுமே மாறுகிறது.

ஏட்டளவில் எளிதாகத் தோன்றும் இந்த உண்மை கையில் கேமராவுடன் நிற்கும்போது எப்படிக் காலை வாரும் என்பதை நானே பட்டு உணர்ந்தேன். க்ராப் கேமராவில் 50 மி.மீ. லென்ஸை வைத்து, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று தலையும் மார்பும் தெரியும்படி ஆட்களைப் படமெடுப்பது என் வழக்கம். அதே லென்ஸைப் புதிய ஃபுல் ஃப்ரேம் பாடியில் மாட்டியதும் சுற்றிலும் வெற்றிடம் கூடுதலாகத் தெரிந்ததால், என்னையறியாமலே முன்னே நகர்ந்து ஒரு மீட்டருக்கு வந்துவிட்டேன். சட்டகம் பழையபடி நிறைந்தது, ஆனால் மூக்கு முன்னே துருத்திக்கொண்டு, காதுகள் பின்வாங்கி, அந்த முகம் வேறு யாருடையதோ போலிருந்தது. முகத்தின் விகிதத்தை மாற்றியது லென்ஸ் அல்ல, நான் நகர்ந்த அந்த அரை மீட்டர். அதே ஒன்றரை மீட்டரில் நின்றபடி பழைய சட்டகம் வேண்டுமென்றால் 75 மி.மீ. தேவை, கடையில் கிடைப்பது 85 என்பதால் அரை அடி பின்னால் போனால் கணக்கு சரியாகிவிடும்.

ஆகவே வாங்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, உங்கள் பழைய படங்களையே விசாரிப்பது. ஒவ்வொரு படத்தின் கோப்பிலும் அது எந்தக் குவியத்தூரத்தில் (50 மி.மீ. என்பது போன்ற லென்ஸின் எண்) எடுக்கப்பட்டது என்ற தகவல் பதிவாகியிருக்கும். லைட்ரூம் போன்ற மென்பொருளில் அந்த எண்ணைக்கொண்டு படங்களை வகைபிரிக்கலாம். கடந்த ஓராண்டில் எடுத்த எல்லாவற்றையும் பிரிக்காமல், நீங்கள் தேறியவை என்று ஒதுக்கிவைத்த படங்களை மட்டும் பிரித்துப் பாருங்கள். என் படங்களை இப்படிப் பார்த்தபோது, 18-55 லென்ஸில் எடுத்தவற்றில் பெரும்பகுதி 18இலும் 55இலும்தான் குவிந்து கிடந்தது. நடுவில் எண்ணிச் சொல்லும்படி சில படங்கள்தான். ஒரு ஜூம் லென்ஸின் இரு கோடிகளிலும் படங்கள் குவிந்திருந்தால், அந்தக் கோடிகளைத் தாண்டிப் போக விரும்பியபோதெல்லாம் லென்ஸ் உங்களைத் தடுத்திருக்கிறது என்று பொருள். அத்தகையவருக்கு 24-70 என்னும் வழக்கமான முதல் தேர்வு பழைய தடையையே அதிக விலைக்குத் திரும்ப வாங்குவதாக முடியலாம். ஒரு 16-35 ஜூமும் ஒரு 85 மி.மீ. லென்ஸும் அவருக்கு அதிகம் உதவும். படங்கள் நடுவில் பரவியிருந்தால் 24-70 அல்லது 24-105 தாராளமாக வாங்கலாம்.

குவியத்தூரத்தை 1.5ஆல் பெருக்கிப் பார்க்கும் பலர் அப்பர்ச்சரைப் (லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எஃப் எண்; எண் சிறிதானால் திறப்பு பெரிது) பெருக்க மறந்துவிடுகிறார்கள். பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். க்ராப் கேமராவில் 17-50 எஃப் 2.8 ஜூம் வைத்திருப்பவர், ஃபுல் ஃப்ரேமுக்குப் போனால் 24-70 எஃப் 2.8 வாங்கினால்தான் சமம் என்று நினைக்கிறார். வெளிச்ச அளவீட்டில் எஃப் 2.8 எந்தக் கேமராவிலும் எஃப் 2.8தான், அதில் ஐயமில்லை. ஆனால் ஒரே இடத்தில் நின்று ஒரே சட்டகத்தை எடுக்கும்போது பின்னணி மங்கும் அளவைப் பார்த்தால், க்ராப் கேமராவின் எஃப் 2.8க்கு நிகரானது ஃபுல் ஃப்ரேமின் எஃப் 4.2. நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான இரைச்சல்) கணக்கும் அப்படியே: சென்சாரின் பரப்பு 2.25 மடங்கு என்பதால், ஒரே தலைமுறையைச் சேர்ந்த சென்சார்களை ஒப்பிட்டால், க்ராப்பில் எஃப் 2.8, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 1600 என்று எடுத்த படமும், ஃபுல் ஃப்ரேமில் எஃப் 4, ஐஎஸ்ஓ 3200 என்று எடுத்த படமும் ஏறக்குறைய ஒரே தரத்தில் அமையும். சுருங்கச் சொன்னால், பழைய எஃப் 2.8 ஜூம் செய்த வேலையைப் புதிய எஃப் 4 ஜூம் செய்துவிடும். நிக்கான் இசட் வரிசையில் 24-70 எஃப் 4 சுமார் 500 கிராம், அதன் எஃப் 2.8 உடன்பிறப்பின் முதல் பதிப்பு சுமார் 805 கிராம். விலையிலும் இடைவெளி பெரிது. இருண்ட மண்டபங்களில் வேகமாக நகரும் ஆட்களை எடுப்பதே தொழில் என்றால் எஃப் 2.8 வாங்குவதில் நியாயம் இருக்கிறது. பயணத்துக்கும் குடும்பத்துக்கும் எடுப்பவருக்கு எஃப் 4 ஜூமும், அந்த மிச்சத்தில் ஒரு எஃப் 1.8 ப்ரைம் (ஜூம் இல்லாத) லென்ஸும் சேர்ந்து கூடுதல் பயன் தரும். விதிவிலக்கு ஒன்றுண்டு: சிக்மாவின் 18-35 எஃப் 1.8 லென்ஸை க்ராப் கேமராவில் பயன்படுத்தியவருக்கு, அது ஏற்கெனவே 27-52 எஃப் 2.7 போல வேலைசெய்து வந்ததால், எஃப் 4 ஜூம் ஒரு படி இறக்கமாகவே தெரியும்.

இனி, கையிலிருக்கும் லென்ஸ்களில் எவை உடன் வரும் என்று பார்க்கலாம். லென்ஸின் உடலில் பொறித்திருக்கும் எழுத்துகளே பதில் சொல்லிவிடும். கேனானில் இஎஃப்-எஸ், ஆர்எஃப்-எஸ் என்றிருந்தால் க்ராப். வெறும் இஎஃப், ஆர்எஃப் என்றால் ஃபுல் ஃப்ரேம். நிக்கானில் டிஎக்ஸ் என்ற எழுத்து இருந்தால் க்ராப். சோனியில் எஃப்இ என்றால் ஃபுல் ஃப்ரேம், இ மட்டும் என்றால் க்ராப். சிக்மாவில் டிசி க்ராப், டிஜி ஃபுல் ஃப்ரேம்.

க்ராப் லென்ஸ்கள் புதிய பாடியில் நடந்துகொள்ளும் விதம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. கேனானின் ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) இஎஃப்-எஸ் லென்ஸை மாட்டவே முடியாது. ஆனால் ஆர்எஃப் மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாத) பாடியில் அடாப்டர் எனும் இணைப்பு வளையம் வழியாக மாட்டலாம், கேமரா தானாகவே படத்தை வெட்டிக்கொள்ளும். கேனானின் க்ராப் மிரர்லெஸ் கேமராக்களுக்கான இஎஃப்-எம் லென்ஸ்கள் வைத்திருப்பவர்களுக்கு அந்த வழியும் இல்லை: அந்த மவுண்டுக்கும் (லென்ஸ் மாட்டும் வாய்க்கும்) சென்சாருக்கும் இடைப்பட்ட தூரம் 18 மி.மீ., ஆர்எஃப்பில் அது 20 மி.மீ. என்பதால் நடுவே அடாப்டர் வைக்க இடமே கிடையாது. நிக்கான், சோனி ஃபுல் ஃப்ரேம் பாடிகள் தத்தம் மவுண்டின் க்ராப் லென்ஸ்களை ஏற்று, தானாக வெட்டிக்கொள்கின்றன. ஃபூஜிஃபில்ம் ஃபுல் ஃப்ரேம் கேமராவே செய்வதில்லை. ஆகவே அதன் எக்ஸ் மவுண்டிலிருந்து வருபவர் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

தானாக வெட்டிக்கொள்ளும் என்றவுடன் மகிழ்ந்துவிட வேண்டாம். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் பாடி 1.5 மடங்கு வெட்டினால் மிஞ்சுவது 10 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். நீங்கள் விற்றுவிட்டு வந்த க்ராப் கேமரா 24 தந்துகொண்டிருந்தது. 45 மெகாபிக்சல் பாடியில் ஏறத்தாழ 20 மிஞ்சும் என்பதால் அங்கே மட்டும் இது தாங்கக்கூடிய ஏற்பாடு. பழைய லென்ஸை விற்கும் முன் ஒரு சோதனை செய்து பார்ப்பதும் தகும்: சில க்ராப் லென்ஸ்களின் பிம்ப வட்டம் அறிவித்ததைவிடப் பெரிது. நிக்கானின் 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ் லென்ஸை வெட்டாமல் ஃபுல் ஃப்ரேமில் பயன்படுத்தினால் மூலைகள் மட்டும் இருண்டு, மற்ற பகுதி நன்றாகவே வருகிறது. டோக்கினாவின் பழைய 11-16 ஜூம் 16 மி.மீ. முனையில் சட்டகம் முழுவதையும் நிறைத்துவிடுகிறது.

பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸ்களை அடாப்டர் வழியாக மிரர்லெஸ் பாடிக்குக் கொண்டுவருவோர், நிக்கானாக இருந்தால், ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் ஃபோகஸை இயக்கும் மோட்டார் இல்லை. ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸ்களில் தானியங்கி ஃபோகஸ் வேலைசெய்யும், பாடியின் மோட்டாரை நம்பியிருந்த பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். மாறாக, நிக்கான் டி750 போன்ற ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரைப் பழையதாக வாங்கினால் உள்ளேயே மோட்டார் இருப்பதால், மலிவாகக் கிடைக்கும் அந்த லென்ஸ்கள் எல்லாம் முழுமையாகப் பயன்படும்.

பறவைகளையும் விளையாட்டையும் தொலைவிலிருந்து எடுப்பவர்களுக்கு ஃபுல் ஃப்ரேம் மாற்றம் பெரும்பாலும் ஏமாற்றத்தையே தருகிறது. க்ராப் கேமராவில் 300 மி.மீ. தந்த நெருக்கம் ஃபுல் ஃப்ரேமில் வேண்டுமென்றால் 450 வேண்டும். அதாவது 150-600, 200-600 போன்ற, இரண்டு கிலோவைத் தொடும் லென்ஸ்கள். அவற்றை ஒரு காலை முழுவதும் கையில் ஏந்தி நடக்க முடியுமா என்று கடையில் இருந்து ஐந்து நிமிடம் பார்த்துத் தீர்மானிக்க இயலாது. ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பதே வழி. உங்கள் முதன்மை விருப்பம் பறவைகள் என்றால், பழைய க்ராப் பாடியை விற்காமல் டெலி (தொலைவை நெருக்கிக் காட்டும்) லென்ஸுடனேயே இருத்திக்கொள்ளுமாறு சொல்வேன். மேக்ரோவிலும் (மிக நெருங்கி எடுக்கும் படங்களிலும்) இதே கதைதான்: ஒன்றுக்கு ஒன்று அளவில், அதாவது பொருளின் உண்மை அளவே சென்சாரில் விழும்படி எடுக்கும்போது 12 மி.மீ. நீளமுள்ள பூச்சி க்ராப் சட்டகத்தில் பாதி அகலத்தை நிறைக்கும், ஃபுல் ஃப்ரேமில் மூன்றில் ஒரு பங்கைத்தான்.

அகலக் கோணத்தில் மட்டும் காற்று உங்கள் பக்கம் வீசுகிறது. 24-70இன் 24 மி.மீ. முனை, க்ராப் கேமராவின் 16 மி.மீ.க்கு நிகர் என்பதால், 18க்குக் கீழே போகாமலிருந்தவர் தனியாக அகல லென்ஸ் வாங்கத் தேவையில்லாமலே போகலாம்.

க்ராப் கேமராவில் குறையே தெரியாதிருந்த ஃபுல் ஃப்ரேம் லென்ஸும் புதிய பாடியில் வேறு முகம் காட்டக்கூடும், ஏனெனில் இதுவரை நீங்கள் அதன் நடுப்பகுதியை மட்டுமே பார்த்துவந்தீர்கள். மலிவான 50 மி.மீ. எஃப் 1.8ஐ முழுதாகத் திறந்தால் மூலைகள் இருண்டு மங்கலாகும். முகங்களை எடுக்க இது ஒரு பொருட்டே அல்ல. விண்மீன்களை எடுப்பவருக்கோ மூலையிலுள்ள புள்ளிகள் சிறகு விரித்ததுபோல் தெரியும், எஃப் 4 அளவுக்கு மூடினால் பெருமளவு சரியாகும். நடுக்கக் கட்டுப்பாட்டையும் பாருங்கள்: கேமராவோடு சேர்ந்து வந்த கிட் லென்ஸிலேயே அந்த வசதி இருந்ததால் அதைப் பற்றி யோசிக்காமலிருந்த ஒருவர், கேனான் ஆர்பி அல்லது ஆர்8 போலப் பாடியில் அது இல்லாத கேமராவோடு, லென்ஸிலும் அது இல்லாத ப்ரைமை மாட்டினால், மாலை நேரப் படங்கள் ஏன் கலங்குகின்றன என்று குழம்பிப்போவார்.

பழைய லென்ஸ் வாங்குவதாக இருந்தால், பாடியையும் எடுத்துக்கொண்டு போய் ஒரு செய்தித்தாளைச் சுவரில் விரித்து ஒட்டி, கேமராவை அதற்கு நேராக முக்காலியில் வைத்து, முழு அப்பர்ச்சரில் ஒரு படம் எடுங்கள். நான்கு மூலை எழுத்துகளையும் பெரிதாக்கிப் பார்க்கும்போது நான்கும் ஒரேயளவு மங்கலாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றைவிட மோசமாக இருந்தால், முதலில் கேமரா கோணலாக இல்லை என்று உறுதிசெய்துகொண்டு மறுபடி எடுங்கள். அப்போதும் மாறாவிட்டால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடலாம். பிறகு செல்பேசி விளக்கைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, நூலாம்படைபோல் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. ஃபுல் ஃப்ரேம் லென்ஸ் அதே மவுண்டின் க்ராப் பாடியிலும் வேலைசெய்யும் என்பதால் 85 மி.மீ. ப்ரைம், 70-300 போன்றவற்றை முன்கூட்டியே வாங்கிப் பழகலாம். 24-70ஐ மட்டும் பாடியோடு சேர்த்தே வாங்குங்கள். க்ராப்பில் அது 36-105 ஆகி, அகலக் கோணமே இல்லாமல் உங்களைத் தவிக்கவிடும். ஃபில்டர் வாங்கும்போது 77 அல்லது 82 மி.மீ. என்று பெரிய அளவிலேயே ஒன்று வாங்கி, சிறிய லென்ஸ்களில் அதைப் பொருத்த வளையம் போட்டுக்கொள்வது சிக்கனம். பழைய கிட் லென்ஸைத் தனியே விற்க முயன்றால் கேட்பார் அதிகம் இருக்க மாட்டார்கள். க்ராப் பாடியை விற்பதாக இருந்தால் அதோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.