வர்த்தகமும் தேசப் பாதுகாப்பும்: அரசு ஆய்வாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பொருளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தலாமா, ஒரு கருவியின் ஏற்றுமதிக்கு உரிமம் வழங்கலாமா, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றைத் துறைமுகத்தில் முதலீடு செய்ய அனுமதிக்கலாமா என்பன போன்ற கேள்விகளில் அமைச்சர்கள் முடிவெடுக்கும் முன் அவர்களின் மேசைக்கு ஒரு குறிப்பு செல்கிறது. அந்தக் குறிப்பில் உள்ள பிழை தாளோடு நிற்பதில்லை. வரியாகவும் தடையாகவும் மாறிப் பல ஆண்டுகள் நீடிக்கிறது. இதை எழுதும் பணிக்கு வருபவர்களில் பொருளாதாரம் படித்தவர்கள் எண்களை அளவுக்கு மீறி நம்புகிறார்கள். பாதுகாப்புத் துறையிலிருந்து வருபவர்கள் அச்சுறுத்தலை அளவுக்கு மீறி நம்புகிறார்கள். பெரும்பாலான தவறுகள் இந்த இரு நம்பிக்கைகளிலிருந்தே பிறக்கின்றன.

இவற்றில் முதன்மையானது, பண மதிப்பைச் சார்புநிலையின் அளவுகோலாகக் கொள்வது. இறக்குமதிப் பட்டியலை மதிப்பின்படி வரிசைப்படுத்தி, மேலே இருக்கும் பத்துப் பொருட்களை ஆராய்ந்துவிட்டு வேலை முடிந்ததாக எண்ணும் பழக்கம் பரவலாக உள்ளது. காலியம் என்ற உலோகத்தை எடுத்துக்கொள்வோம். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சில நூறு டன்கள் மட்டுமே உற்பத்தியாகும் இந்த உலோகம், எந்த நாட்டின் பட்டியலிலும் கீழே எங்கோ கிடக்கும். ஆனால் ராடார்களிலும் தகவல் தொடர்புக் கருவிகளிலும் பயன்படும் குறைக்கடத்திகளுக்கு அது தேவை. உற்பத்தியில் மிகப் பெரும்பங்கைக் கொண்டுள்ள சீனா, 2023 ஆகஸ்டு 1 முதல் காலியத்துக்கும் ஜெர்மேனியத்துக்கும் ஏற்றுமதி உரிமத்தைக் கட்டாயமாக்கியபோது, மதிப்பின்படி வரிசைப்படுத்தப்பட்ட பட்டியல்களால் எந்தப் பயனும் இருக்கவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பொருள் நாளை வராவிட்டால் எந்தத் தொழிற்சாலை, எத்தனை வாரங்களில், எந்த வேலையை நிறுத்தும்? மாற்று வழி உருவாக எவ்வளவு காலம் ஆகும்? இரண்டாவது கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். விலை உயர்ந்தால் புதிய உற்பத்தியாளர்கள் தாமாக வருவார்கள் என்ற பொதுவிதி காலியத்துக்கு எளிதில் பொருந்தாது, ஏனெனில் அது பெரும்பாலும் அலுமினியத் தாதுவைச் சுத்திகரிக்கும்போது துணை விளைபொருளாகக் கிடைப்பது. ஜெர்மேனியமும் பெருமளவு துத்தநாகச் சுத்திகரிப்பிலிருந்தே வருகிறது. காலியத்தின் விலை இரட்டிப்பானதற்காக யாரும் புதிய அலுமினிய ஆலை கட்டமாட்டார்கள். இருக்கும் ஆலையில் பிரித்தெடுக்கும் பிரிவைச் சேர்க்கலாம். அதற்கும் முதலீடும் காலமும் வேண்டும். இதற்கு நேர்மாறாக, ஒரே நாட்டிலிருந்து எண்பது விழுக்காடு வரும் பொருளாக இருந்தாலும், அதே தரத்தில் விற்கப் பலர் காத்திருந்தால் அது பெரிய ஆபத்தாகாது. பங்கு விழுக்காட்டை மட்டும் எழுதிவிட்டு மாற்றுக் காலத்தை எழுதாத குறிப்பைப் பாதிக் குறிப்பு என்றே கருதுகிறேன்.

அடுத்தது, சுங்கத் தரவுகளை உள்ளபடியே உண்மையென ஏற்பது. சரக்குகளை வகைப்படுத்த உலகச் சுங்க அமைப்பு உருவாக்கிய ஆறு இலக்கக் குறியீடு 1988 முதல் நடைமுறையில் உள்ளது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது திருத்தப்படுகிறது. ஆளில்லா விமானங்களுக்குத் தனித் தலைப்பு கிடைத்ததே 2022 திருத்தத்தில்தான். அதற்கு முன் ஒளிப்படக் கருவி பொருத்தப்பட்ட ட்ரோன்கள் பல நாடுகளில் கேமராக்களின் குறியீட்டுக்குள் பதிவாகின. இதை அறியாமல் கால வரிசை வரைபடம் போடுபவர், 2022-இல் ட்ரோன் இறக்குமதி பூஜ்ஜியத்திலிருந்து வானளவு உயர்ந்ததாக எழுதிவிடுவார்.

பொருள் எங்கிருந்து அனுப்பப்பட்டது, எங்கே தயாரிக்கப்பட்டது என்பவற்றைக் குழப்புவதும் இதே வகையைச் சேர்ந்தது. ராட்டர்டாம், சிங்கப்பூர், ஹாங்காங் போன்ற துறைமுகங்கள் வழியாகச் செல்லும் சரக்கு, இறுதி இலக்கு பதிவாகாதபோது அந்த இடங்களின் வர்த்தகமாகத் தோன்றலாம். ஒரு நாடு பதிவு செய்யும் ஏற்றுமதியும் மறுநாடு பதிவு செய்யும் இறக்குமதியும் பொருந்தாமல் இருப்பதும் இயல்பே. பொதுவாக இறக்குமதி மதிப்பில் சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்கின்றன, ஏற்றுமதி மதிப்பில் சேர்வதில்லை. அந்த வித்தியாசத்தையே கடத்தலுக்கு ஆதாரமாகக் காட்டுவது அவசரம். ஆனால் வித்தியாசம் திடீரென மாறினால் கவனிக்க வேண்டும். 2022-இல் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடைகளுக்குப் பின் ரஷ்யாவுக்கான ஐரோப்பிய ஏற்றுமதி சரிந்தது. அதே வேளையில் கிர்கிஸ்தானுக்கான ஏற்றுமதி பல மடங்கு உயர்ந்தது. கிர்கிஸ்தான் வழியே ரஷ்யாவுக்குச் சரக்கு செல்லக்கூடும் என்பதைக் கவனிக்காமல், ரஷ்யாவுக்கான எண்களை மட்டும் படித்தவர் தடை முழுமையாகப் பலித்துவிட்டதாக முடிவு செய்திருப்பார்.

கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லாத பொருள் ஆபத்தற்றது என்று எண்ணுவது வேறொரு தவறு. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் தோஷிபா மெஷின் நிறுவனம், நீர்மூழ்கிக் கப்பல் சுழல்விசிறிகளைத் துல்லியமாகக் கடையும் இயந்திரங்களைச் சோவியத் ஒன்றியத்துக்கு விற்றது. உரிம விண்ணப்பத்தில் அவை எளிய ரக இயந்திரங்களாகக் காட்டப்பட்டிருந்தன. 1987-இல் விவகாரம் வெடித்தபோது ஆவணங்கள் ஒழுங்காகவே இருந்தன. ஆவணத்தோடு பட்டியலை ஒப்பிடுவது எழுத்தர் வேலை. வாங்குபவர் யார், அவருடைய உண்மையான தொழில் என்ன, இந்த அளவும் தரமும் அந்தத் தொழிலுக்குத் தேவைதானா என்று கேட்பதே ஆய்வாளர் வேலை.

மறுபுறம், எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு முத்திரை குத்துவதும் நேர்கிறது. போட்டியைத் தாங்க முடியாத உள்நாட்டுத் தொழிலின் முறையீடு, பாதுகாப்புக் கவலையின் உடையணிந்து ஆய்வாளரிடம் வரும். அமெரிக்கா தன் 1962-ஆம் ஆண்டு வர்த்தக விரிவாக்கச் சட்டத்தின் 232-ஆம் பிரிவைக் கொண்டு 2018-இல் எஃகுக்கு 25 விழுக்காடும் அலுமினியத்துக்கு 10 விழுக்காடும் வரி விதித்தது. அதற்குச் சற்று முன், ராணுவத் தேவை உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே என்று அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரே எழுத்தில் தெரிவித்திருந்தார். வரி சரியா தவறா என்பது அரசியல் தலைமையின் முடிவு. அந்த 3 விழுக்காட்டைக் குறிப்பில் தெளிவாக வைப்பது ஆய்வாளரின் கடமை. பன்னாட்டுச் சட்டத்தையும் மறக்கக் கூடாது. காட் (GATT) எனப்படும் பன்னாட்டு வர்த்தக ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவு பாதுகாப்புக்கு விலக்கு அளிக்கிறது என்றாலும், அது அந்தந்த நாடு மட்டுமே தீர்மானிக்கும் விஷயமன்று என்று உக்ரைன், ரஷ்யா இடையிலான வழக்கில் உலக வர்த்தக அமைப்பின் நடுவர் குழு 2019-இல் கூறியது. அமெரிக்காவின் மேற்சொன்ன வரிகளுக்கு எதிராகவும் 2022 டிசம்பரில் அத்தகைய நடுவர் குழு அறிக்கைகள் வந்தன.

கட்டுப்பாட்டின் விலையைக் கணக்கிடாமல் விடுவதை மிகுந்த வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியுள்ளது, ஏனெனில் அந்த விலை தாமதமாகவே தெரியவரும். அமெரிக்கா 1999-இல் வணிகச் செயற்கைக்கோள்களை ஆயுதங்களுக்கு இணையான ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதன் விளைவாக, அந்தக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட அமெரிக்க உதிரிபாகங்கள் இல்லாதது என்று அறிவிக்கப்பட்ட செயற்கைக்கோளை ஐரோப்பிய நிறுவனம் வடிவமைத்து விற்கத் தொடங்கியது. பாதுகாக்க நினைத்த தொழிலே சந்தையை இழந்தது. 2014-இல்தான் விதிகள் கணிசமாகத் தளர்த்தப்பட்டன. தடை விதித்தால் எதிர்த்தரப்பு எதை இழக்கும் என்பதோடு, ஐந்தாண்டில் எதைத் தானே செய்யக் கற்றுக்கொள்ளும் என்பதையும் எழுத வேண்டும்.

எழுதும் முறையில் வரும் பிழைகள் சில உண்டு. ரகசிய முத்திரை பெற்ற தகவல், அந்த முத்திரையாலேயே கூடுதல் நம்பகத்தன்மை பெற்றுவிடுவதில்லை. நிறுவனங்களின் ஆண்டறிக்கையும் டெண்டர் அறிவிப்பும் பல நேரங்களில் அதைவிடத் துல்லியமானவை. ‘வாய்ப்புள்ளது’ என்று மட்டும் எழுதினால் ஒருவர் பத்து விழுக்காடு என்றும் இன்னொருவர் எழுபது விழுக்காடு என்றும் படிப்பார். ஆகவே அலுவலகம் ஏற்றுக்கொண்ட அளவுகோலைச் சொல்லி எழுத வேண்டும். உயரதிகாரி விரும்பும் முடிவு முன்கூட்டியே தெரிந்திருக்கும்போது, எதிரான ஆதாரத்தை அடிக்குறிப்பில் ஒளிக்காமல் முதல் பக்கத்திலேயே வைக்க வேண்டும். ஒவ்வொரு மதிப்பீட்டிலும் அது எந்தத் தேதியின் தரவை நம்பியது, எந்த மாற்றம் வந்தால் அது செல்லாது என்பதைப் பதிவு செய்ய வேண்டும். இல்லையெனில் மூன்றாண்டுப் பழைய குறிப்பிலிருந்து யாரோ ஒருவர் பத்தியை நகலெடுக்க, காலாவதியான எண் புதிய ஆணைக்குள் நுழைந்துவிடுகிறது.