நாட்டிலஸ் வீடு தேடிப் போவதில்லை: ஒரு கடல் கவிதையை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய பிழைகள்

கல்லடியில் என் வீட்டு விறாந்தையில் சனி, ஞாயிறுகளில் ஆங்கிலக் கவிதை வகுப்பு நடக்கிறது. போன மாதம் ‘தி சேம்பர்ட் நாட்டிலஸ்’ கவிதைக்குப் பிள்ளைகள் எழுதிய விளக்கங்களைத் திருத்த உட்கார்ந்தேன். பன்னிரண்டு தாளில் ஒன்பதில், படிக்கிற காலத்தில் நான் விட்ட அதே பிழை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை, அகராதி பார்க்காமல் எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தானாகத் திருந்திவிடும்.

கவிதையைத் தெரியாதவர்களுக்கு: அமெரிக்கக் கவிஞர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் எழுதியது. 1858இல் ‘தி அட்லாண்டிக் மன்த்லி’ இதழில் வந்தது. 5 பந்திகள், பந்திக்கு 7 வரிகள். நாட்டிலஸ் என்ற கடலுயிரின் உடைந்து கிடக்கும் சுருள் ஓடு ஒன்றைப் பார்க்கிறார், உள்ளே அறை அறையாக இருப்பதைக் கவனிக்கிறார், கடைசியில் தன் ஆன்மாவைக் கூப்பிட்டு இன்னும் பெரிய மாளிகைகளைக் கட்டச் சொல்கிறார்.

கடைசிப் பந்தியிலிருந்து தொடங்குவது

“இக்கவிதை தன்முன்னேற்றத்தை வலியுறுத்துகிறது” என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகிறார்கள். அந்த அறிவுரை ஐந்தாம் பந்தியில்தான் வருகிறது. அதற்கு முன் 28 வரிகள் இருக்கின்றன. இரண்டாம் பந்தியிலேயே ஓடு உடைந்துவிட்டது, உயிர் போய்விட்டது. நான்காம் பந்தியில் அந்தச் செத்த உயிரின் வாயிலிருந்துதான் தனக்குச் செய்தி வந்தது என்கிறார் கவிஞர். வளரச் சொல்லும் குரல் ஒரு சாவிலிருந்து வருகிறது. இதைத் தாண்டிப் போனால் கவிதையில் மிஞ்சுவது சுவரில் ஒட்டும் பொன்மொழி மட்டும்தான்.

நாட்டிலஸை நண்டாக்குவது

என்னை இன்றும் எரிச்சல்படுத்தும் பிழை இது. “நாட்டிலஸ் வளர்ந்ததும் பழைய கூட்டை விட்டுவிட்டு, பெரிய கூட்டைத் தேடிப் போகிறது. அதுபோல நாமும் பழையதை உதறிவிட வேண்டும்.” ஒன்பது தாள்களும் இதைத்தான் வேறு வேறு சொல்லில் எழுதியிருந்தன.

ஏன் இப்படி வருகிறது என்று எனக்கு விளங்கும். நாங்கள் கடற்கரைப் பிள்ளைகள். செத்த ஊரியின் கூட்டுக்குள் குடியிருக்கும் நண்டை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒருநாள் பின்னேரம் அதன் பக்கத்தில் கொஞ்சம் பெரிய வெறுங்கூடு ஒன்றை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். நண்டு வந்தது. காலால் கூட்டின் வாயைச் சுற்றித் தடவியது, உள்ளே விட்டு ஆழம் பார்த்தது. பிறகு கண் இமைக்கும் நேரத்தில், சுருண்ட மெல்லிய வயிற்றைப் பழைய கூட்டிலிருந்து உருவிப் புதிய கூட்டுக்குள் செருகிக்கொண்டது. பழைய கூடு மணலில் கிடந்தது. இந்தக் காட்சி மனதில் இருப்பவருக்குக் கவிதையிலும் அதுதான் தெரியும்.

நாட்டிலஸ் நண்டல்ல. கணவாயின் சொந்தக்காரன். அதன் ஓட்டை அதுவேதான் கட்டுகிறது. உடல் பெருக்கப் பெருக்க ஓட்டின் வாய்ப்பக்கத்தை நீட்டி, முன்னுக்கு நகர்ந்து, தனக்குப் பின்னால் ஒரு சுவரை எழுப்பி அடைத்துவிடும். வளர்ந்த நாட்டிலஸ் ஓட்டை இரண்டாக அறுத்தால் முப்பது அறை அளவுக்கு இருக்கும். அது குடியிருப்பது கடைசி அறையில் மட்டும். மற்ற அறைகள் எல்லாம் சுருளுக்குள்ளேயே கூட வருகின்றன.

படிக்கும்போது எனக்குக் கிடைத்த நோட்ஸில் “கூட்டைக் கைவிட்டுச் செல்கிறது” என்று இருந்தது. அப்படியே எழுதினேன், சரி போட்டார்கள். படிப்பிக்க வந்த பிறகும் நாலு வருடம் அதையே சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் அறுத்த ஓட்டின் படம் ஒன்றை அச்செடுத்து மேசையில் வைத்தேன். ஒரு பிள்ளை அறைகளை விரலால் எண்ணிக்கொண்டு வந்தவள் நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“சேர், இது ஒண்டையும் விட்டுட்டுப் போகலயே? எல்லா அறையும் ஒரே கூட்டுக்குள்ளதானே கிடக்கு?”

“ஓம் மனே” என்றேன். வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை. நாலு வருடப் பிள்ளைகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. அந்த நோட்ஸ் இன்னும் போட்டோக்கொப்பியாகக் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது.

சரி, ‘தாழ்ந்த கூரையுடைய உன் பழைய காலத்தை விட்டு வா’ என்று கவிதையிலேயே வருகிறதே என்று கேட்பீர்கள். வருகிறது. ஆனால் மூன்றாம் பந்தியில் அது எப்படி விடுகிறது என்று பாருங்கள். சத்தமில்லாமல் வாசலைக் கடக்கிறது, கதவைத் தானே கட்டி அடைக்கிறது, புது அறையில் கைகால் நீட்டிப் படுக்கிறது. விட்டது அறையை, ஓட்டை அல்ல. நண்டு வேறொருவர் கட்டிய வீட்டைத் தேடுகிறது, நாட்டிலஸ் தன் உடம்பிலிருந்து கட்டுகிறது. ஹோம்ஸ் ஆன்மாவிடம் ‘கட்டு’ என்கிறார், ‘தேடு’ என்று சொல்லவில்லை. இந்த ஒரு வினைச்சொல்லில்தான் முழு விளக்கமும் நிற்கிறது.

ஓடு விடப்படுவது கடைசி வரியில் மட்டும்தான். அது வீடு மாறுவதல்ல, உடலை விட்டு ஆன்மா போவது. இரண்டாம் பந்தியில் உடைந்து கிடந்த ஓடு அங்கே திரும்ப வருகிறது.

அறிவியலைக் கவிஞரின் வாயில் வைப்பது

இது எதிர்ப்பக்கப் பிழை. நான் படம் காட்டத் தொடங்கிய பிறகு வந்தது. அடைத்த அறைகளின் ஊடாக ஒரு மெல்லிய குழாய் ஓடுகிறது. அதன் வழியே அறைகளிலிருக்கும் நீரை உறிஞ்சி எடுக்க, அங்கே வாயு நிறையும். அதனால்தான் அந்தக் கனத்த ஓட்டோடு நாட்டிலஸ் நீரில் மிதந்து நிற்கிறது. அழகான செய்திதான். ஆனால் கவிதையில் இல்லை. “பழைய அறைகளே நம்மைத் தாங்குகின்றன என்கிறார் கவிஞர்” என்று எழுதாதீர்கள். உங்கள் சொந்தக் கருத்தாக, தனி வாக்கியத்தில் எழுதுங்கள்.

வருடத்துக்கு ஓர் அறை என்று கணக்குப் போடுவது

கவிதையில் வருடம். கடலில் சில வாரம், சில மாதம்.

பாய் விரித்து ஓடவிடுவது

நாட்டிலஸ் ஒரு முத்துக் கப்பல், பாய் விரித்து ஓடும் என்பது கவிஞர்களின் புனைவு என்று முதல் பந்தியே சொல்லிவிடுகிறது.

சைரனைப் பாடும் மீனாக்குவது

மட்டக்களப்புப் பிள்ளைகள் மட்டும் விடும் பிழை இது. பாடும் மீன் நம் வாவியின் பெருமை, நிலாக் காலத்தில் பாலத்தடியில் காது கொடுத்துக் கேட்பது. கவிதையில் வரும் சைரன் பாடிப் பாடி மாலுமிகளைச் சாவுக்கு இழுப்பவள். பக்கத்திலேயே பவளப்பாறை துருத்திக்கொண்டு நிற்கிறது. அந்த இடத்தை “இனிமையான கடல் வருணனை” என்று எழுதினால், அடுத்த பந்தியில் அந்த நாட்டிலஸ் கப்பல் ஏன் உடைந்தது என்று சொல்ல முடியாமல் போகும்.

கவிஞரின் வாழ்க்கை வரலாறு

அவர் மருத்துவர். ஒரு வரி போதும்.