பழைய கான்டஸாவுக்கு எந்த எஞ்சின்? வாங்கறதுக்கு முன்னாடி அடில ஆயில் நிக்கற சம்ப்ப அளங்க

என்ற இந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டஸா கார்ல இருந்த 1.8 இசுசு பெட்ரோல் எஞ்சின் போன வருஷம் பிளாக்கே விரிசல் விட்டுப்போச்சுங்க. வெல்டு வெச்சுப் பாத்தோம், நிக்கல. அதுக்கப்புறம் ஆறு மாசம், எந்த எஞ்சின் போடறதுன்னு அலைஞ்சதுதான் இந்தப் பதிவு. புதுசா இறங்கற தம்பிகளுக்காக எழுதறேன். எஞ்சின் இறக்கறது, வயர் கழட்டறதெல்லாம் உங்க மெக்கானிக்குக்கே தெரியும், அதை விட்டுட்டு எஞ்சின் தேர்வு பண்றதை மட்டும் சொல்றேன்.

முதல்ல ஆர்சிய எடுத்து வெச்சுக்கோங்க. எஞ்சின் நம்பர், சிசி, எரிபொருள் எல்லாம் அதுல இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுங்குது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிருச்சு. அதனால ரோட்ல ஓட்டற வண்டின்னா அதே ரக எஞ்சின்தான், அதுக்கும் முதல்லயே ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிட்டு, இன்சூரன்ஸ்லயும் சொல்லிருங்க. வேற எஞ்சின் ஆசைன்னா அது கோயமுத்தூர் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே மாதிரி ரேஸ் டிராக்ல மட்டும் ஓட்டற வண்டிக்குன்னு முடிவு பண்ணிட்டு இறங்குங்க. இதைக் கடைசில யோசிக்காதீங்க.

அடுத்து என்னென்ன கிடைக்குதுன்னு பாக்கலாம். கான்டஸா பின் சக்கர டிரைவ், எஞ்சின் நீளவாக்குல உக்காரும், இன்னைக்கு ஓடற முக்கால்வாசி கார்ல எஞ்சின் குறுக்க உக்காருது, அதனால அது சுலபத்துல சேராது. நான் பாத்தது மூணு.

மாருதி ஜிப்ஸியோட 1.3 எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியா பெட்ரோல் பீச்சற வகை). 1298 சிசி, 16 வால்வு, லேசான எஞ்சின், நீளவாக்கு கியர்பாக்ஸோடயே வருது, நாலு சக்கரத்துக்கும் சக்தியப் பிரிக்கற டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியா இருக்கறதால அதை விட்டுட்டு கியர்பாக்ஸ மட்டும் எடுத்துக்கலாம். ஆனா கான்டஸா கனமான வண்டிங்க, நாலு பேரோட மேடு ஏறுறப்ப கியரைக் குறைச்சுக்கிட்டே இருக்கணும். எனக்குப் புடிக்கல.

டொயோட்டா இன்னோவாவோட 2.0 பெட்ரோல். 1998 சிசி, விவிடி (வால்வு திறக்கற நேரத்தைத் தானா மாத்தறது), பின் சக்கர டிரைவ் கியர்பாக்ஸ். மனசு இதுமேலதான் இருந்துச்சு. ஆனா எஞ்சினோட ஈசியு (எஞ்சினை நடத்தற கம்ப்யூட்டர்), முழு வயரிங், ஆக்சிலரேட்டர் பெடல், அந்த வண்டிச் சாவி, திருட்டைத் தடுக்கற இமொபிலைசர் எல்லாம் ஒரே வண்டில இருந்து மொத்தமா வாங்கணும், ஒண்ணு குறைஞ்சாலும் ஸ்டார்ட் ஆகாது. கார்புரேட்டருக்கு இருந்த பழைய பெட்ரோல் பம்ப்போட பிரஷர் பத்தாது, டேங்க்ல புது பம்ப் வைக்கணும்.

மூணாவது அதே இசுசு 1.8. 90கள்ல வந்த அம்பாசடர் 1800 ஐஎஸ்இசட்லயும் இதே 1817 சிசி எஞ்சின்தான், அதனால கான்டஸா 2002ல நின்னுபோனாலும் இது இன்னும் தேடுனா கிடைக்குது.

இப்ப என்னைக் கவுத்த இடம். நான் குதிரைசக்திய மட்டும் பாத்து இன்னோவா எஞ்சின வாங்கி, கோயமுத்தூர் கணபதி ஏரியால ஒரு பட்டறைல செயின் பிளாக்ல தொங்கவிட்டு இறக்குனோமுங்க. கியர் லீவர் பழைய ஓட்டைக்கு நேரா வர்ற மாதிரி வெச்சா சம்ப்போட ஆழமான பள்ளம் நேரா முன்னாடி கிராஸ் மெம்பர் (வண்டி அடில குறுக்க போற இரும்புச் சட்டம்) மேல உக்காருது. பின்னாடி தள்ளுனா ஃபயர்வால் (எஞ்சினுக்கும் நாம உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கற தகடு) இடிக்குது. மேல தூக்குனா பானட் மூடல, கியர்பாக்ஸ்ல இருந்து பின் அச்சுக்குப் போற ஷாஃப்ட் கோணமும் கெட்டுப்போகுது. அப்ப சம்ப்ப வெட்டி ஆழத்தைக் குறைக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு. வெட்டலாம், ஆனா ஆயில் உறிஞ்சற பிக்கப் குழாயையும் சேத்து மாத்தணும், பிக்கப்புக்கும் சம்ப் அடிக்கும் நடுவுல 6ல இருந்து 10 மிமீ இடைவெளி வேணும், உள்ள தடுப்புத் தகடு வைக்கணும், குறைஞ்ச ஆயில் கொள்ளளவை அகலத்துல ஈடுகட்டணும். இதுல ஒண்ணு தப்புனாலும் வளைவுல ஆயில் ஒருபக்கமா ஒதுங்கி பேரிங் போயிரும். நான் வெட்டல, எஞ்சினை நட்டத்துக்கு வித்தேன்.

அதனால காசு கொடுக்கறதுக்கு முன்னாடி இப்படிப் பண்ணுங்க. பழைய எஞ்சினை எடுத்த பிறகு ஃபெண்டருக்கு ஃபெண்டர் ஒரு நேரான மரச்சட்டம் வெச்சு, அதுல இருந்து தூக்குகுண்டு விட்டு கிராஸ் மெம்பர் வரைக்கும் உயரம், ரேடியேட்டர்ல இருந்து அந்தக் கிராஸ் மெம்பர் எவ்வளவு தூரம், ஃபயர்வால் எவ்வளவு தூரம்னு நோட்ல எழுதிக்கோங்க. வெறும் டேப்ப நான் நம்ப மாட்டேன், தொங்கி ஏமாத்திரும். அப்புறம் உக்கடம் பக்கம் பழைய சாமான் கடைக்குப் போறப்ப அந்த நோட்டோட போயி, எஞ்சின்ல ஃபேன் பெல்ட் புல்லில இருந்து சம்ப் பள்ளம் எங்க தொடங்குது, எங்க முடியுது, எவ்வளவு ஆழம்னு அளங்க. பள்ளம் முன்னாடியா பின்னாடியாங்கறதுலயே பாதி முடிவு தெரிஞ்சிரும். செத்துப்போன பிளாக், சம்ப், காலி கியர்பாக்ஸ் கூடு வாடகைக்குக் கிடைச்சா இன்னும் நல்லது, அதை வெச்சு இறக்கிப் பாத்துட்டு நல்ல எஞ்சினை வாங்குங்க.

கடைசில ஐஎஸ்இசட் எஞ்சின்தான் போட்டேன். சம்ப், பிக்கப், மவுண்ட் பிராக்கெட் மூணையும் என்ற பழைய எஞ்சின்ல இருந்தே கழட்டி மாட்டுனேன், அதனால இடிக்கறதுங்கற பேச்சே வரல. எஞ்சினைப் பூட்டுனதும் கியர்பாக்ஸ் கோணத்தையும் பின் அச்சு டிஃபரன்ஷியல் கோணத்தையும் டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் வெச்சுப் பாருங்க, ரெண்டும் இணையா இருக்கணும், ஷாஃப்ட்டோட ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் 1ல இருந்து 3 டிகிரிக்குள்ள இருந்தா அதிராது. கண்ணுல பாத்து சரின்னு சொல்றவங்ககிட்ட வேலையக் கொடுக்காதீங்க.

சோதனைக்கு பண்ணாரில இருந்து திம்பம் மலை ஏறுனேன். 27 கொண்டை ஊசி, டெம்பரேச்சர் முள்ளு பாதிய தாண்டல. மேல நிறுத்தி பானட்ட தொறந்து, சம்ப் ஓரத்துல கைய வெச்சுப் பாத்தேன், ஒரு சொட்டு கசிவில்ல. அந்த நிமிஷம் ஆறு மாசத்து அலைச்சலும் மறந்துபோச்சுங்க.

அப்டேட்: டீசல் போடலாமான்னு நெறையப் பேரு கேட்டிருந்தீங்க. கான்டஸாவே இசுசு 2.0 டீசல்ல வந்திருக்கு, ஆனா உங்க ஆர்சில பெட்ரோல்னு இருந்தா எரிபொருளும் மாறுது, ஆர்டிஓ என்ன சொல்றாங்கன்னு கேக்காம எஞ்சினுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

அப்டேட் 2: ஈரோட்டுத் தம்பி ஒருத்தருக்கு எஞ்சின் மாத்துன பிறகு கிளட்ச் மிதிச்சும் கியர் கரகரன்னு விழுந்துச்சாம். கிராங்க் முனைல கியர்பாக்ஸ் ஷாஃப்ட்ட தாங்கற ஸ்பிகாட் பேரிங்க பழசையே விட்டுட்டாங்க. சின்ன சாமான்தான், எஞ்சின் வெளிய இருக்கறப்பவே புதுசு போட்ருங்க. பிறகு மாத்தணும்னா மறுபடி கியர்பாக்ஸ இறக்கணும்.