ரோகு விரலிகள் தேறிய விதம்

ஒரத்தநாடு பக்கம் எங்கள் நாற்றங்கால் குளத்தில் ரோகு விரலிகள் (விரல் நீள ரோகு மீன் குஞ்சுகள்) துடுப்பு நுனி அரித்து, கரையோரம் சோம்பிக் கிடந்தன. கடையில் ஆன்டிபயாட்டிக்கை நீட்டினார்கள்; வாங்கவில்லை. வைட்டமின் சி குறைவாக இருக்குமோ என்று தோன்றியது. வைட்டமின் சி-யை ரோகுவால் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது, தீனியில்தான் வர வேண்டும். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் மட்டும் தின்கிற குஞ்சுக்கு அது எங்கிருந்து கிடைக்கும்?

கிலோ தீனிக்கு அரை கிராம் வைட்டமின் சி பொடி, 5 கிராம் அரைத்த பூண்டு, பிசிறக் கொஞ்சம் மீன் எண்ணெய். எண்ணெய்ப் பூச்சு இல்லையென்றால் சத்து தண்ணீரிலேயே கரைந்து போகும். நிழலில் உலர்த்தி அன்றன்றே போட்டேன். வைத்திருந்தால் வைட்டமின் வீணாகிவிடும். பூண்டு வாசனைக்குக் குஞ்சுகள் மொய்ப்பதைப் பார்க்க வேண்டுமே! அப்புறம், நெருக்கத்தைக் குறைக்க ஒரு பகுதியைப் பக்கத்துக் குளத்துக்கு மாற்றினேன். அடுத்து இழுவலை போட்டபோது துடுப்பெல்லாம் முழுசாக இருந்தது, சாவும் நின்றிருந்தது.