டிஜிட்டல் வாத்தியம் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் கல்லூரி ப்ராஜெக்ட் சீசன் வந்தால் போதும், சென்சார் வைத்த தவில், கையசைத்தால் பாடும் பெட்டி என்று பிள்ளைகள் எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் வருடா வருடம் அதே தவறுகள். ஒயரை மாற்றிச் செருகுவது, சால்டரிங் விட்டுப்போவதெல்லாம் தானே தெரிந்துவிடும், அவற்றை விடுங்கள்.

தாமதத்தை அளக்காமல் விடுவது

தட்டுவதற்கும் ஒலி கேட்பதற்கும் நடுவே விழும் தாமதம் இது. இதை அளக்காமல் விடுவதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கடலூர் முதுநகர் மாணவர் ஒருவர் தவில் பேட் கொண்டுவந்தார். ரப்பர் ஷீட்டுக்கு அடியில் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பீசோ தகடு, அதைப் படிக்க ஆர்டுயினோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு, லேப்டாப்பில் ஒலியை உண்டாக்கும் பியூர் டேட்டா என்ற சாஃப்ட்வேர். வேலை சுத்தம். கூட வந்த அவருடைய மாமா கோயில் தவில்காரர். விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு ஒரு தாளச் சொல்லை வாசித்தவர் கையை எடுத்துவிட்டார். “என்ன மாப்ள, யோசிச்சு யோசிச்சுப் பேசுது?”

ப்ரோக்ராமைத் திறந்தேன். சென்சார் அளவு துள்ளுகிறதே என்று பத்து முறை படித்துச் சராசரி எடுத்திருந்தார், ஒவ்வொன்றுக்கும் 5 மில்லிசெகண்ட் ஓய்வு. அங்கேயே 50 வரை போகிறது. ஒலியை வெளியே விடுமுன் லேப்டாப் சேர்த்துவைக்கும் ஆடியோ பஃபர் 1,024 சாம்பிள் (ஒலியின் சின்னத் துணுக்கு). நொடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் அது இன்னொரு 23 மில்லிசெகண்ட். கணினி இசை ஆராய்ச்சியாளர்கள் டேவிட் வெசலும் மேத்யூ ரைட்டும் 2002-இல் சொன்ன வரம்பு 10 மில்லிசெகண்ட் தாமதம், அதன் ஏற்ற இறக்கம் 1.

அந்த ஏற்ற இறக்கம்தான் உயிர். 10 மில்லிசெகண்டில் ஒலி சுமார் மூன்றரை மீட்டர் போகும். மேடையில் அவ்வளவு தள்ளி இருப்பவரோடு சேர்ந்து வாசிக்கத்தானே செய்கிறோம். மாறாத தாமதத்துக்குக் கை பழகிவிடும். 50 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மட்டும் முடிவு சொல்லும் ப்ரோக்ராமில் ஓர் அடி உடனே கேட்கும், அடுத்தது 40 கழித்து. அதற்கு எந்தக் கையும் பழகாது. பீசோவின் துடிப்பும் சீக்கிரம் அடங்கிவிடுவதால், சராசரியில் மெல்லிய தட்டு காணாமலே போகும்.

ஓய்வை எடுத்துவிட்டு இடைவிடாமல் படியுங்கள். குறைந்தபட்ச அளவைத் தாண்டியதும் 2 மில்லிசெகண்டுக்குள் உச்சத்தைப் பிடித்து ஒலியைக் கிளப்புங்கள். பஃபரை 128-க்கு இறக்குங்கள். அப்புறம் அளந்து பாருங்கள். போனை பேடுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வைத்து ரெக்கார்ட் செய்து, ஒலியைப் படமாகக் காட்டும் ஆடாசிட்டி சாஃப்ட்வேரில் திறந்தால், ரப்பரில் விழுந்த அடி ஒரு முள்ளாகவும் ஸ்பீக்கர் சத்தம் அடுத்த முள்ளாகவும் நிற்கும். நடுவில் இருப்பதுதான் தாமதம். இருபது அடிகளை அளந்தால் ஏற்ற இறக்கமும் தெரிந்துவிடும். காசே செலவில்லாத வேலை, யாரும் செய்வதில்லை!

ப்ளூடூத் ஸ்பீக்கர்

அதுவே தாமதத்தைக் கூட்டும், வேண்டாம். ஒயர் போடுங்கள்.

வாசிப்பவரைக் கடைசியில் கூப்பிடுவது

அட்டைப் பெட்டியில் ஒரு பீசோவை ஒட்டியவுடனே கூப்பிடுங்கள்.

கமகத்துக்கு இடம் விடாதது

மின்னணு வாத்தியங்கள் பேசிக்கொள்ளும் மொழியான மிடியில் (MIDI) சுரம் என்பது 0 முதல் 127 வரையிலான ஓர் எண், அரைச்சுரப் படி. கமகம் இருப்பதோ படிகளுக்கு நடுவில். சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்டில் 16,384 நிலைகள் உண்டு. ஆனால் பெரும்பாலான சிந்தசைசர்கள் மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் மட்டுமே வளையும்படி வரும். அகலமாக அசையும் கமகத்துக்கு அது போதாது. எல்லையைக் கூட்டுங்கள், ப்ரோக்ராமிலும் சிந்தசைசரிலும் ஒரே அளவு இருக்கட்டும்.

கடற்காற்று

தொடும் இடத்தில் வெறும் தாமிரப் பட்டை வைத்தால் நம் ஊரில் சீக்கிரம் களிம்பேறிவிடும். போன் திரையைப் போல விரல் தொடுவதை உணரும் கெபாசிட்டிவ் டச் சென்சார் மெல்லிய வார்னிஷுக்கு மேலேயும் விரலை உணரும். பூசிவிட்டு, சென்சிட்டிவிட்டியை மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.