சீனி வருத்தத்துக்கு இன்சுலின் இல்லாத ஊசி: நாங்க விடுற பிழையள்

போன கச்சான் காலத்தில திருகோணமலை உப்புவெளியில இருக்கிற எங்கட மாமிக்கு டொக்டர் கிழமைக்கு ஒருக்கா போடுற பென் ஊசி எழுதிக் குடுத்தவர். ஊசி எண்டு கேட்ட உடன மாமி அழத் தொடங்கிட்டா. அவவின்ர கணக்கில குளிசை சரிவரேல்ல எண்டா இன்சுலின், இன்சுலின் எண்டா கிட்னி போச்சு, கால் போச்சு, கதை முடிஞ்சுது. அதே கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து "மாமி உது மெலியிற ஊசியெல்லோ, எனக்கும் ஒண்டு குத்தி விடுங்கோ" எண்டு கேக்குது. பென் ஒண்டுதான், ரெண்டு பேரும் விளங்கினது ரெண்டு விதமான பிழை.

இது இன்சுலின் இல்ல. நாங்க சாப்பிட்ட உடன குடல் ஜிஎல்பி-1 எண்டு ஒரு ஹோர்மோன் விடும், அது சில நிமிசத்தில அழிஞ்சு போயிடும். இந்த ஊசியள் அதே வேலையை நாள்கணக்கா செய்யுது. ரத்தத்தில சீனி கூடினா மட்டும் கணையத்தைத் தட்டி இன்சுலின் விடச் சொல்லும், ஈரல் வெளியில விடுற சீனியைக் குறைக்கும், இரைப்பையில இருந்து சாப்பாடு இறங்கிறதை மெதுவாக்கும், மூளைக்கு "காணும்" எண்டு சொல்லும். லிராகுளுடைட் ஒவ்வொரு நாளும் போடுறது, டுலாகுளுடைட், செமாகுளுடைட் ரெண்டும் கிழமைக்கு ஒருக்கா. 2022 இல அமெரிக்காவில அனுமதி கிடைச்ச டிர்செபடைட் இன்னொரு குடல் ஹோர்மோனையும் சேர்த்துப் பிடிக்கும். இந்தக் குடும்பத்தில முதல் மருந்து, 2005 இல வந்த எக்செனடைட், கிலா மான்ஸ்டர் எண்ட ஒரு அமெரிக்கப் பல்லியின்ர எச்சில்ல கண்டுபிடிச்ச பொருளில இருந்து வந்தது. பல்லி சொன்னா பலிக்கும் எண்டு எங்கட ஆச்சி சொல்லுறது சும்மா இல்ல போல.

நன்மை சின்னது இல்ல. மூண்டு மாசச் சீனி, அதுதான் எச்பிஏ1சி, சாதாரணமா ஒண்டு ஒண்டரை புள்ளி இறங்கும், சிலருக்கு இன்னும் கூட. நிறையும் குறையும். 2016 இல வந்த லிராகுளுடைட் ஆய்வில 9,340 பேரைப் பார்த்தவை, மாரடைப்பு, பக்கவாதம், இருதயச் சாவு மூண்டும் சேர்த்து மருந்து எடுத்தாக்களுக்கு 13 வீதம், எடுக்காதாக்களுக்கு 14.9 வீதம். 2024 இல செமாகுளுடைட் கிட்னியில பாரதூரமான சேதம் வாற ஆபத்தை 24 வீதம் குறைச்சதா இன்னொரு ஆய்வு காட்டிச்சு. மாமி எந்தக் கிட்னிக்குப் பயந்து அழுதாவோ அதைக் காப்பாத்தத்தான் டொக்டர் எழுதினவர்.

ஆனா ஒண்டை விளங்கிக்கொண்டா மிச்சம் எல்லாம் விளங்கும்: நன்மையும் கரைச்சலும் பெரும்பாலும் ஒரே இடத்தில இருந்துதான் வருது, அந்த மெதுவாகிற இரைப்பையும் குறையிற பசியும்.

முதல் பிழை அவசரம். செமாகுளுடைட் 0.25 மில்லிகிராமில தொடங்கி நாலு கிழமை அப்படியே போகோணும், அந்த டோஸ் சீனியைக் குறைக்கிறதுக்கு இல்ல, வயித்தைப் பழக்கிறதுக்கு. டிர்செபடைட்டும் அப்படித்தான், 2.5 மில்லிகிராமில தொடங்கும். எங்கட ஆக்கள் ரெண்டாம் கிழமையே குத்திப் பார்த்திட்டு "சீனி இறங்கேல்ல, மருந்து சரியில்ல" எண்டு தாங்களே டோஸைக் கூட்டுவினம், பிறகு ரெண்டு நாள் வாளியோட இருந்து சத்தி எடுப்பினம்.

அடுத்தது பழைய அளவுச் சாப்பாடு. கலியாண வீட்டில ஆட்டுக்கறி, நெய்ச்சோறு, பிறகு வட்டிலப்பம் எண்டு இருந்தா சாப்பாடு இறங்காம நெஞ்சுக்குள்ளேயே நிக்கும். மாமி இப்ப புட்டை முந்தின அளவில பாதிதான் வைக்கிறா, மெதுவா சாப்பிட்டு, வயிறு நிரம்பின மாதிரி வந்த உடன கோப்பையைத் தள்ளி வைக்கிறா. பொரியலைக் குறைச்சவ. அதோட ஓங்காளம் முக்காவாசி நிண்டிட்டுது. ஆனா ஒண்டுமே சாப்பிடாம ரெண்டு பிஸ்கட்டும் பிளேன்ரீயுமா நாளைக் கடத்திறதும் பிழை, நிறையோட தசையும் போயிடும், மீன், முட்டை, பருப்பு கொஞ்சமாவது உள்ள போகோணும், கொஞ்சம் நடக்கவும் வேணும்.

சத்தியும் வயித்தோட்டமும் வந்தா கவனம், அதுவும் இஞ்ச கச்சான் காத்து அடிக்கிற வெயிலில. தண்ணி குறைஞ்ச உடம்பில லொசாட்டன், எனலப்ரில் எண்ட பிரசர் குளிசையள், தண்ணி போகிற குளிசை எல்லாம் வழமை போல விழுங்கினா கிட்னி திடீரெண்டு அடிவாங்கும், சீனிக்குப் போடுற மெட்போமின் உடம்பில தேங்கி ரத்தத்தை அமிலமாக்கலாம். கொஞ்சம் கொஞ்சமா ஜீவனி எண்ட உப்புச் சீனிக் கரைசல் குடிச்சுக்கொண்டு, அண்டைக்கே டொக்டரிட்டயோ கிளினிக்கிலயோ எதை நிப்பாட்டுறது எண்டு கேட்டுக்கொள்ளுங்க. நீங்களா எல்லாத்தையும் நிப்பாட்டவும் வேணாம்.

இப்ப நான் நேரில பார்த்த ஒண்டு. எங்கட சித்தப்பாவும் இந்த ஊசி போடுறவர், அவர் பழைய கிளிக்ளாசைட் எண்ட சீனிக் குளிசையை அதே அளவில போட்டுக்கொண்டே இருந்தவர், ஊசி தொடங்கினதை கிளினிக்கில சொல்லேல்ல, ஏனெண்டா ஊசி எழுதினது வெளியில காட்டின டொக்டர். ஒரு வெள்ளிக்கிழமை வெறும் வயித்தோட கோணேசர் கோயிலுக்கு ஏறினவர், பாதி ஏத்தத்தில கை நடுங்கி, சேட்டு முழுக்க வியர்த்து, கண் சொருகிக்கொண்டு வருது. வெயில் எண்டுதான் நாங்க நினைச்சம். கீழ ஒரு கடையில இருத்தி மெசினில குத்திப் பார்த்தா சீனி 54, நல்லா விழுந்திட்டுது. தண்ணியில மூண்டு தேக்கரண்டி சீனி கலக்கிக் குடுத்து, பதினைஞ்சு நிமிசத்தால திருப்பிக் குத்தி, பிறகுதான் பாண் குடுத்தம். இந்த ஊசி தனிய சீனியை அந்தளவுக்கு விழுத்திறது அருமை, ஆனா கிளிக்ளாசைட், கிளிமிபிரைட், இன்சுலின் மாதிரி ஒண்டோட சேர்ந்தா விழுத்தும், ஏனெண்டா சாப்பாடு குறையுது, குளிசை குறையேல்ல. கந்தசஷ்டியோ நோன்போ பிடிக்கிறாக்கள் ரெண்டு மூண்டு கிழமைக்கு முதலே டொக்டரோட இதைக் கதைச்சு வைக்கோணும்.

இதுக்கு நேர்எதிரான பிழை இன்னும் ஆபத்து: "ஊசி வந்திட்டுதுதானே" எண்டு இன்சுலினை ஒரேயடியா விடுறது. முதலாம் வகை நீரிழிவுக்கு இந்த மருந்து இல்லவே இல்ல. இரண்டாம் வகையிலயும் கணையம் களைச்சுப் போன ஆக்கள் இன்சுலினைத் திடீரெண்டு குறைச்சா ரத்தம் அமிலமாகி ஐசியூவில கிடக்க வரும். அதே மாதிரி சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் எண்ட சீனிக் குளிசையள் போடுறாக்கள் டொக்டருக்கு ஞாபகப்படுத்துங்க, அதுவும் இதே வழியால வேலை செய்யிறது, ரெண்டையும் சேர்த்துப் போடுறதில புதுசா லாபம் ஒண்டும் இல்ல.

வயித்துநோ வந்தா எங்களுக்கு ஒரே பதில்தான், காஸ்ட்ரைட்டிஸ். ஒமிப்ரசோல் ஒண்டைப் போட்டிட்டுப் படுப்பம். இந்த ஊசி போடுறாக்கள் அப்படிப் படுக்கக் கூடாது. மேல்வயித்தில விடாம குத்தி முதுகுக்குப் போற நோ, சத்தியோட வந்தா கணைய அழற்சியா இருக்கலாம், வலப்பக்கம் விலாவுக்குக் கீழ நோவும் காய்ச்சலும் கண் மஞ்சளும் எண்டா பித்தப்பைக் கல்லா இருக்கலாம். ரெண்டுக்கும் ஆஸ்பத்திரிதான். முந்தி கணைய அழற்சி வந்தாக்கள், குடும்பத்தில மெடுலரி தைரொயிட் புற்றுநோய் இருந்தாக்கள் ஊசி தொடங்க முதலே சொல்லோணும் (எலியளில தைரொயிட் கட்டி வந்ததால போட்ட எச்சரிக்கை அது, மனிசருக்கு வருமெண்டு நிரூபிக்கேல்ல, எண்டாலும் அவைக்குக் குடுக்க மாட்டினம்).

கண்ணை ஆரும் கணக்கெடுக்கிறேல்ல. ஏற்கனவே விழித்திரை பழுதான ஆளுக்கு சீனி மளமளவெண்டு இறங்கினா கண் கொஞ்ச காலம் மோசமாகலாம், செமாகுளுடைட் ஆய்வு ஒண்டில மருந்து எடுத்தாக்களுக்கு அது 3 வீதம், எடுக்காதாக்களுக்கு 1.8. அதால தொடங்க முதல் கண் கிளினிக்கில ஒருக்கா காட்டுங்க. திடீரெண்டு ஒரு கண் தெரியாமப் போனா அண்டைக்கே ஓடோணும், 2025 இல ஐரோப்பிய மருந்து முகவரகம் செமாகுளுடைட்டால கண் நரம்புக்கு வாற ஒரு மிக அரிதான பாதிப்பை பக்கவிளைவு எண்டு ஏத்துக்கொண்டது.

ஒப்பரேசன், எண்டோஸ்கோப்பி எண்டா மயக்கமருந்து டொக்டருக்குக் கட்டாயம் சொல்லுங்க, இராச் சாப்பாடு காலையிலயும் வயித்துக்க கிடக்கலாம், மயக்கத்தில அது நுரையீரலுக்குள்ள போனா பெரிய வில்லங்கம். பிள்ளை பெற நினைக்கிறாக்கள் செமாகுளுடைட்டை குறைஞ்சது ரெண்டு மாசத்துக்கு முதல் நிப்பாட்டோணும். டிர்செபடைட் போடுறாக்கள் கர்ப்பத்தடைக் குளிசையை மட்டும் நம்பக்கூடாது, தொடங்கி நாலு கிழமையும் டோஸ் கூட்டின பிறகு நாலு கிழமையும் வேற பாதுகாப்பும் வேணும்.

இனி என்ர பிழை. கொழும்பில இருந்து இரவு பஸ்ஸில பென்னை ரெஜிபோம் பெட்டிக்குள்ள ஐஸோட ஒட்டி வைச்சுக் கொண்டு வந்தன், மீன் கொண்டு போற மாதிரி. விடிய திருகோணமலையில இறங்கிப் பார்த்தா உள்ள இறுகிப் போய்க் கிடக்கு. உறைஞ்சா அவ்வளவுதான், இளகின பிறகும் போடக் கூடாது, குப்பை. அந்த மாசக் காசு அப்படியே போச்சு. ஐஸுக்கும் பென்னுக்கும் இடையில ஒரு துவாய் சுத்தியிருந்தா காணும். திறக்காத பென் பிரிட்ஜ் தட்டில 2 இல இருந்து 8 பாகைக்குள்ள, பிரீசருக்குக் கிட்ட இல்லாம இருக்கோணும். திறந்தது வெளியிலயும் இருக்கலாம் எண்டு கடுதாசியில போட்டிருக்கும், ஆனா அது 30 பாகைக்குக் கீழ, எங்கட ஆடி மாசத்து வீட்டுக்குள்ள அது எங்க கிடைக்கும்? ஸ்கூட்டி சீட்டுக்குக் கீழ வைக்கிறது அடுப்பில வைக்கிற மாதிரி.

கனடாவில இருந்து சித்தி அனுப்பின பென்னை ரெண்டு பேர் ஊசிமுனையை மாத்தி மாத்திப் பாவிக்கிறதும் நடக்குது. முனையை மாத்தினாலும் ரத்தம் உள்ள போயிருக்கும், ஹெப்படைட்டிஸும் எச்ஐவியும் தொத்தலாம். பேஸ்புக்கில மலிவா விக்கிறது இன்னும் மோசம், 2024 ஆனியில உலக சுகாதார நிறுவனமே போலி செமாகுளுடைட்டைப் பற்றி எச்சரிக்கை விட்டது.

மாமி இப்ப ஒவ்வொரு வெள்ளியும் காலமை கலண்டர் தாளைக் கிழிச்ச உடன வயித்தில குத்துறா, தொப்புளை விட்டு தள்ளி, போன கிழமைக் குத்தின இடத்தை விட்டு. ஒருக்கா மறந்து திங்கள்தான் நினைவு வந்தது, அவ போடுறது செமாகுளுடைட், அதுக்கு அஞ்சு நாளுக்குள்ள எண்டா போடலாம், போட்டிட்டு வெள்ளிக்கு வழமை போல. டிர்செபடைட் எண்டா நாலு நாள். அது தாண்டினா விட்டிட்டு அடுத்த முறைதான். மாமி கேட்டது "அப்ப ரெண்டையும் சேர்த்து வெள்ளிக்குப் போட்டா என்ன?" எண்டு. வேணாம் மாமி, வாளி வைக்க வீட்டில இடமில்ல எண்டன்.