வீட்டிலிருந்து படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பாடம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு அப்பா தன் பதினைந்து வயது மகனுக்காகப் போட்ட பட்டியலோடு வந்தார். பதினொரு ஆன்லைன் கோர்ஸ்கள். நடத்தும் பல்கலைக்கழகம் எது, எத்தனை வாரம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சான்றிதழ் உண்டா என்று எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தன. பையன் கெட்டிக்காரன். வயதுக்கு இரண்டு வருடம் முன்னால் ஓடியவன், ஆறு மாதமாக எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறான். "இதில் எதைக் கொடுத்தால் அவனுக்குப் பழைய ஆர்வம் வரும்?" என்று கேட்டார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே மாதிரி ஒரு பட்டியலை என் மகளுக்கு நானும் போட்டேன். ஒரு வருடம் அதில் போயிற்று. அவள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பள்ளிப் படிப்பு முடியும் வரை வீட்டில்தான் படித்தாள். அதற்கப்புறம் பல குடும்பங்களோடு உட்கார்ந்து பாடம் தேர்ந்தெடுக்க உதவி வருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் நான் விழுந்த குழியிலேயே விழுகிறார்கள்.

கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்று பார்ப்பது, நேரலை வகுப்பு நடு ராத்திரியில் வருகிறதா என்று பார்ப்பது போன்றவற்றை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

முன்னோட்ட வீடியோவைப் பார்த்து முடிவெடுப்பது

முன்னோட்ட வீடியோ எப்போதும் அழகாகத்தான் இருக்கும். முதல் வகுப்பும் அப்படித்தான். மூன்றாவது வாரத்து அசைன்மென்டைத் திறந்து பாருங்கள். அந்தப் பாடம் மாணவரிடம் உண்மையில் என்ன கேட்கிறது என்று அங்கேதான் தெரியும். அதைப் பிள்ளையிடம் கொடுத்து அரை மணி நேரம் தனியாக விடுங்கள். ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டால் அந்தப் பாடம் வேண்டாம். கேள்வியே புரியவில்லை என்றால் இப்போதைக்கு வேண்டாம். நேரம் முடிந்து நீங்கள் கூப்பிடும்போது "இருங்க, இன்னும் கொஞ்சம்" என்று பதில் வந்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.

பாடத்தின் பெயர் பெரிதாக இருக்கிறதே என்று பயந்து ஒதுக்குவதும் இதே தவறின் மறுபக்கம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் போட்டு வைத்திருக்கும் ஓப்பன் கோர்ஸ்வேரில் இலவசமாக இருக்கும் 18.06 என்ற எண்ணுள்ள பாடம், கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய நேரியல் இயற்கணிதம் (லீனியர் அல்ஜீப்ரா). முன்தேவை என்று பல மாறி நுண்கணிதத்தைப் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து எத்தனையோ பெற்றோர் அந்தப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பாடத்தில் பெரும்பகுதிக்கு நுண்கணிதம் தேவைப்படுவதே இல்லை. முதல் வகுப்பு இரண்டு தெரியாத எண்கள் உள்ள இரண்டு சமன்பாடுகளோடு தொடங்குகிறது. பிள்ளை எப்போதோ போட்டு முடித்த கணக்குதான். அதை இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியாக ஒரு தடவை பார்க்கிறார்கள். அப்புறம் அதே சமன்பாடுகளை நெடுக்காக எடுத்து, இரண்டு அம்புகளை எவ்வளவு நீட்டிச் சேர்த்தால் மூன்றாவது அம்பு கிடைக்கும் என்று கேட்கிறார்கள். தெரிந்த கணக்கு கண் முன்னால் வேறொன்றாக மாறுவதைப் பார்த்து என் மகள் வீடியோவை நிறுத்திவிட்டு நோட்டை எடுத்தாள்.

ஹார்வர்டின் கணினி அறிவியல் அறிமுகப் பாடமான சிஎஸ்50 இன்னொரு நல்ல உதாரணம். அதில் பல அசைன்மென்டுகளுக்கு இரண்டு வடிவம் உண்டு, பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்று, கைவந்தவர்களுக்கு ஒன்று. எழுத்துகளால் பிரமிடு வரையும் ஆரம்பக் கணக்கிலேயே இது தொடங்கிவிடுகிறது. எதை எடுப்பது என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். நீங்கள் சொல்லாதீர்கள்.

எல்லாப் பாடத்துக்கும் ஒரே வகுப்பு

கணக்கில் கல்லூரிப் பாடம் போடும் பிள்ளை, கட்டுரையில் தன் வயதுக்குரிய இடத்தில்தான் இருக்கலாம். அதில் குறை எதுவும் இல்லை. வீட்டில் படிப்பதால் கிடைக்கும் பெரிய வசதியே ஒவ்வொரு பாடத்தையும் அதனதன் படியில் வைக்க முடிவதுதான்.

திருத்த ஆளில்லாமல் பாடங்களை அடுக்குவது

நான் செய்தது இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் பட்டியலில் நான்கு கோர்ஸ்கள் இருந்தன. நான்குமே முன்பே பதிவு செய்த வீடியோக்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் சில கேள்விகள், நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டால் கம்ப்யூட்டரே மதிப்பெண் போட்டுவிடும். மகள் காலை ஒன்பது மணிக்கு உட்காருவாள், பன்னிரண்டுக்கு "முடிச்சுட்டேன்மா" என்பாள். மதிப்பெண் தொண்ணூறுக்குக் கீழே இறங்கியதே இல்லை. நான் நிம்மதியாக இருந்தேன். சில மாதம் கழித்து வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விட்டாள். அப்புறம் இரண்டு மடங்கு. சாப்பிடும்போது பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவது நின்றுபோனது. பாடம் எளிதாக இருக்கிறது போல என்று நினைத்து, நுண்கணிதத்தில் இன்னும் கடினமான ஒரு கோர்ஸை ஐந்தாவதாகச் சேர்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் வேறு வேலையாக வீட்டுக்கு வந்திருந்தார். என்ன படிக்கிறாய் என்று அவளிடம் விசாரித்துவிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். "இரண்டு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் ஏன் எப்பவும் இரட்டைப்படையே வருது? எழுதிக் காட்டும்மா" என்றார். அவளுக்கு அது மிகச் சின்னக் கேள்வி. ஒரே நிமிடத்தில் எழுதினாள். ஒற்றைப்படை எண் என்றால் 2க + 1. இரண்டு ஒற்றைப்படை எண்கள், 2க + 1, 2க + 1. கூட்டினால் 4க + 2. இது இரண்டால் வகுபடும். முடிந்தது.

அவர் தப்பு என்று சொல்லவில்லை. பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் எழுதினார்: "3-ஐயும் 7-ஐயும் கூட்டும்போது க எவ்வளவு?"

3 என்றால் க ஒன்று. 7 என்றால் க மூன்று. அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு எண்ணுக்கும் ஒரே எழுத்தைப் போட்டதால், ஒரு எண்ணை அதனோடே கூட்டினால் என்ன வரும் என்பதைத்தான் நிரூபித்திருக்கிறாள். அழித்தாள். 2க + 1, 2ச + 1 என்று மாற்றினாள். கூட்டி, 2(க + ச + 1) என்று முடித்துவிட்டு நிமிர்ந்து, "இன்னொன்னு குடுங்க சார்" என்றாள். அந்தக் குரலை நான் எட்டு மாதமாகக் கேட்டிருக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கேள்வி கடினமானது இல்லை. அவள் அப்போது 'முடித்துக்கொண்டிருந்த' பாடங்களைவிடப் பல படி கீழே இருந்தது. நுண்கணித வீடியோ செய்யாததை ஒரு ஒற்றைப்படை எண் செய்தது. ஏனென்றால் அவள் எழுதியதை ஒரு ஆள் வரி வரியாகப் படித்தார், எங்கே இடறினாள் என்று கண்டுபிடித்தார். பள்ளிக்குப் போகும் கெட்டிக்காரப் பிள்ளைக்கு எதிர்த்து வாதாட ஒரு சக மாணவராவது இருப்பார். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு, அதுவும் பெற்றோரைத் தாண்டிப் போய்விட்ட பாடத்தில், "இது சரியில்லையே" என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் மாதக்கணக்கில் ஓடிவிடும். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் கேள்வி, பிள்ளை எப்படி யோசித்தது என்று பார்ப்பதில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள் பொருந்தாத மூன்றைத் தள்ளிவிட்டு மீதியைத் தொடச் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். அதைப் படிப்பு என்று நாமும் நம்புகிறோம், அவர்களும் நம்புகிறார்கள்.

அதற்கப்புறம் தோண்டிப் பார்த்தால் அங்கங்கே ஓட்டைகள். ஐந்து கோர்ஸையும் நிறுத்தினோம். அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தாள். பணம் போனதைவிட எனக்கு வலித்தது வேறு. "படிப்புன்னாலே இப்படித்தான் போரடிக்கும்னு நினைச்சேன்மா" என்று அவள் சொன்னாள். பதினைந்து வயதில் ஒரு பிள்ளை அந்த முடிவுக்கு வர நான் காரணமாக இருந்திருக்கிறேன்.

ஆகவே யார் வந்து கேட்டாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான். இந்தப் பாடத்தில் பிள்ளை எழுதுவதை யார் படிக்கப் போகிறார்கள்? பதில் இல்லையென்றால் அந்தக் கோர்ஸ் எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் காத்திருக்கட்டும்.

படிக்கும் ஆட்கள் இருக்கிற இடங்கள் உண்டு. கணக்குக்கு ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங் என்ற அமெரிக்க நிறுவனம் இணையத்தில் நடத்தும் நேரலை வகுப்புகளைப் பாருங்கள். அங்கே வீடியோ கிடையாது, ஆசிரியரும் மாணவர்களும் தட்டச்சு செய்தே பேசுகிறார்கள். விளக்கமாக எழுதி அனுப்பும் விடைகளை ஆட்கள் படித்துக் குறிப்பு எழுதுகிறார்கள். நிரல் எழுதும் பிள்ளைக்கு எக்ஸர்சிசம் தளத்தில் தன்னார்வலர்கள் நிரலைப் பார்த்து எங்கே மாற்றலாம் என்று சொல்கிறார்கள், இலவசமாக. செடி, பூச்சி, பறவை என்று அலையும் பிள்ளைக்கு ஐநேச்சுரலிஸ்ட் தளம் நல்ல பள்ளிக்கூடம். ஒரு படத்தை ஏற்றி "இது இன்ன இனம்" என்று பிள்ளை சொன்னால், "இல்லை, இறக்கையைப் பார், இது வேறு" என்று தெரிந்தவர்கள் வந்து திருத்துவார்கள். அமெரிக்காவில் நடக்கும் கோடைகாலக் கணித முகாம்களில் 1957-இல் தொடங்கிய ராஸ், 1989-இல் தொடங்கிய ப்ராமிஸ் இரண்டிலும் விண்ணப்பத்தோடு கணக்குகளைப் போட்டு அனுப்ப வேண்டும். இடம் கிடைக்காவிட்டாலும் அந்தக் கணக்குகளோடு சில வாரம் மல்லுக்கட்டுவதே பெரிய படிப்பு.

கட்டுரைக்கும் வரலாற்றுக்கும் ஆள் கிடைப்பதுதான் சிரமம். எங்களுக்குக் கை கொடுத்தது பண்டமாற்று. இன்னொரு குடும்பத்துப் பிள்ளையின் கட்டுரையை நான் படித்தேன், என் மகளுடையதை அந்த அம்மா படித்தார். சொந்த அம்மா திருத்தினால் வருகிற சண்டை அடுத்த வீட்டு அம்மா திருத்தும்போது வரவில்லை.

வீடியோப் பாடமே கூடாது என்று நான் சொல்லவில்லை. மகள் பிற்பாடு 18.06 முழுவதையும் வீடியோவில்தான் படித்தாள். ஆனால் வாரம் ஒரு முறை நாற்பது நிமிடம் அந்த ஆசிரியர் அவள் நோட்டைப் பார்த்தார். பட்டியலோடு வந்த அப்பாவின் பதினொரு கோர்ஸ்களில் ஒன்பதில் அந்த நாற்பது நிமிடத்துக்கு வழியே இல்லை.

சான்றிதழுக்குப் பரிசு

"இந்தக் கோர்ஸை முடி, போன் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லாதீர்கள், முக்கியமாகப் பிள்ளைக்கு ஏற்கனவே பிடித்த பாடத்தில். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. படம் வரைவதில் விருப்பமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் "வரைந்தால் பரிசு" என்று முன்கூட்டியே சொன்னார்கள். பின்னாளில் சும்மா விட்டபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவான நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு அந்தச் சேதம் இல்லை. அவர்கள் சின்னக் குழந்தைகள்தான். ஆனால் பதினாறு வயதிலும் இதையே என் கண்ணால் பார்த்திருக்கிறேன். போன் வந்த மறுநாள் பாடம் நின்றது.

ஒரே நேரத்தில் ஐந்து

இரண்டு போதும்.

அண்ணனுக்குப் பொருந்தியது தம்பிக்கும்

பொருந்தாது.

தொட்டதை எல்லாம் முடிக்க வைப்பது

"ஆரம்பிச்சா முடிக்கணும்" என்று வளர்ந்தவர்கள் நாம். ஆன்லைன் கோர்ஸுக்கு அந்த விதியைப் போடாதீர்கள். எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளம் மூலம் நடத்திய பாடங்களை அலசிய ஆய்வு 2019-இல் வந்தது. 2017–18-இல் பதிவு செய்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம். பதிவு செய்ததோடு சரி, பாடத்துக்குள் ஒரு தடவைகூட நுழையாதவர்கள் பாதிக்கும் மேல். பதிவு செய்தவர்களில் பெரும்பாலானவர்கள் வளர்ந்தவர்கள். அப்படியிருக்க, ஒரு கோர்ஸை விட்டதற்காகப் பதினாறு வயதுப் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்வது நியாயமில்லை.

எங்கள் வீட்டில் வைத்திருந்த ஏற்பாடு இது. மூன்று வாரம் வரை காரணம் சொல்லாமல் விடலாம். அதற்கப்புறம் விடுவதானால், கையில் இருக்கும் அசைன்மென்டை முடித்துவிட்டு, ஏன் விடுகிறாள் என்று நாலு வரி எழுத வேண்டும். அந்த நாலு வரிகள்தான் அடுத்த பாடத்தைத் தேட எனக்கு உதவின. "ஆசிரியர் எல்லாத்தையும் அவரே சொல்லிடறார், நான் கண்டுபிடிக்க ஒண்ணும் மிச்சமில்லை" என்று ஒரு தடவை எழுதியிருந்தாள். எந்தத் தரவரிசைப் பட்டியலும் எனக்கு அதைச் சொல்லியிருக்காது.

பதிவேட்டைக் கடைசி வருடத்துக்குத் தள்ளுவது

எம்ஐடி ஓப்பன் கோர்ஸ்வேர் சான்றிதழும் தராது, மதிப்பெண் பட்டியலும் தராது. பிள்ளை ஒரு வருடம் உயிரைக் கொடுத்துப் படித்திருந்தாலும் கல்லூரிக்குக் காட்ட உங்கள் பதிவேடு மட்டும்தான் இருக்கும். பாடத்தின் பெயர், எடுத்த தேதி, பயன்படுத்திய புத்தகம், சிலபஸின் நகல், திருத்தப்பட்ட மூன்று நான்கு தாள்கள். முதல் வாரத்திலிருந்தே ஒரு கோப்பில் போட்டு வாருங்கள். சிலபஸ் பக்கங்கள் மாறும், காணாமலும் போகும், அதனால் இணைப்பை மட்டும் குறித்து வைப்பது போதாது. பிள்ளையின் தாள்களைப் படித்தவரிடம் அந்தந்த வருடமே ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். மூன்று வருடம் கழித்துக் கேட்டால் அவருக்குப் பிள்ளையின் முகம்தான் நினைவிருக்கும்.

வெளித் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் தேதியை இப்போதே பாருங்கள். பள்ளி மாணவர்கள் எழுதும் அமெரிக்கக் கல்லூரி நிலைத் தேர்வுகளான ஏபி தேர்வுகள் மே மாதத்தில் நடக்கின்றன. அதற்கான வகுப்பில் சேராமலே எழுதலாம். ஆனால் வீட்டில் படிப்பவர்கள், தேர்வு நடத்தும் ஒரு பள்ளியைத் தாங்களே தேடிப்பிடித்து இடம் கேட்க வேண்டும். முந்தைய வருடம் செப்டம்பரிலேயே போன் செய்யத் தொடங்குங்கள், பிப்ரவரியில் கேட்டால் கதவு மூடியிருக்கும். பள்ளி இறுதிக்கான பிரிட்டிஷ் தேர்வான கேம்பிரிட்ஜ் ஏ லெவலைத் தனித்தேர்வராக எழுதுவதானால், இயற்பியல், வேதியியல், உயிரியல் செய்முறைத் தேர்வுக்கு உங்கள் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்களா என்று மையத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். எல்லா மையங்களும் சேர்த்துக்கொள்வதில்லை.